கோப்பைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மைதானத்தை யார் தருவார்கள்?

2023 ஜூன் மாதக் கடைசியில் அமிர்தசரசில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டியில் தமிழ்நாடு ஹரியானாவை 2-1 என்ற கணக்கில் வென்றது. மாநில அணிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் இதுதான் பெண்களுக்கான உச்சம். நாம் அந்தக் கோப்பையைத் தூக்கியது இரண்டாவது முறை. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால் சென்னை அணி ஐபிஎல் கோப்பையை வென்றபோது திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி நள்ளிரவில் வெடி வெடித்தது. அமிர்தசரஸ் வெற்றிக்கு நம் தெருக்களில் ஒரு ஊசிப்பட்டாசுகூட வெடிக்கவில்லை. மறுநாள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்கு மட்டும் செய்தி தெரிந்தது.

கிரிக்கெட் பார்ப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வெற்றியை நாம் கொண்டாடாததற்கும், அந்த அணியில் ஆடும் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்ல இந்தக் கோப்பையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கான மாநிலக் கோப்பையான சந்தோஷ் டிராபி 1941இல் தொடங்கியது. பெண்களுக்கான தேசியப் போட்டியை அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு தொடங்கியது 1991இல். இடையில் ஐம்பது ஆண்டுகள். அந்த ஐம்பது ஆண்டுகளும் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1975இலேயே இந்தியப் பெண்கள் கால்பந்துக்கென்று ஒரு தனிக் கூட்டமைப்பு உருவாகி, தேசியப் போட்டிகளை நடத்தி, வெளிநாட்டுக்கும் அணி அனுப்பியது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. 1983இல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாம் இடம். அந்த ஆண்டு வங்கத்தின் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை அவர். ஆண்கள் அணிக்கு இருந்த அமைப்பு, பணம், மைதானம் எதுவும் இல்லாமல் ஆசியாவின் இரண்டாவது அணியாக நின்ற பெண்கள் அவர்கள்.

1991இல் கூட்டமைப்புக்குத் திடீரென்று பெண்கள் மீது அக்கறை வந்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதே ஆண்டு நவம்பரில் சீனாவில் முதல் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. உலகம் பெண்கள் கால்பந்தை அங்கீகரித்த பிறகுதான் நம் நாட்டிலும் கதவு திறந்தது.

இங்கிலாந்தின் கதையும் இதுதான். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில், ஆலையில் வேலை பார்த்த பெண்களின் அணியான டிக் கெர் ஆடியதைப் பார்க்க 53 ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே அங்குள்ள கால்பந்து சங்கம், 'இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருத்தமானதல்ல' என்று சொல்லித் தன் உறுப்பினர் சங்கங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது. அங்கே பெண்களுக்கான தேசியக் கோப்பையின் முதல் இறுதிப் போட்டி நடந்தது 1971இல். கவனியுங்கள் தோழர்களே, அவர்கள் பந்தைப் பிடுங்கவில்லை. ஆடாதே என்று சட்டமும் போடவில்லை. மைதானத்தைத் தரமாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது. கிணற்றையும் குளத்தையும் கோயில் தெருவையும் மூடி ஒரு மக்களைத் தள்ளி வைத்த நாட்டில் வாழும் நமக்கு இந்த முறையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1991க்குப் பிறகான வரலாற்றை ஒரே சொல்லில் சொல்லலாம்: மணிப்பூர். இருபதுக்கும் மேற்பட்ட முறை அந்தச் சின்ன மாநிலம் இந்தக் கோப்பையை வென்றிருக்கிறது. அங்கிருந்து வந்த ஒய்னம் பெம்பெம் தேவி 2017இல் அர்ஜுனா விருதும் 2020இல் பத்மஸ்ரீயும் பெற்றார். பாலா தேவி 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் தொழில்முறை வீராங்கனையாகச் சேர்ந்தார். டெல்லியோ மும்பையோ இந்தப் பட்டியலில் இல்லை. பணத்தால் வளரும் விளையாட்டாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் மணிப்பூர் முன்னால் நின்றிருக்க முடியாது. உள்ளூர் கிளப், உள்ளூர் மைதானம், பெண்ணை ஆடவிடும் ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மணிப்பூர் சாட்சி.

தமிழ்நாட்டின் சாட்சி கடலூர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, வீட்டையும் உறவையும் இழந்த பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சியாளர் மாரியப்பன் பந்து கொடுத்தார். விடுதி, சோறு, பள்ளி, பந்து எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. அந்த ஊரிலிருந்து ஒரு தலைமுறை வீராங்கனைகள் வந்தார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதிப் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரையே 2-1 என்று வீழ்த்தி முதல்முறை கோப்பையை வென்றபோது, அதில் கடலூர்ப் பெண்களின் கால்கள் இருந்தன. அந்த மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். 2019 மே மாதம் காரியாபட்டியை மையமாகக் கொண்ட சேது அணி, இந்தியப் பெண்கள் லீக் இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலை, மீன்பிடி, சிறு விவசாயம் என்று பிழைக்கும் குடும்பங்களின் பெண்கள். நல்ல வேலையும் சொந்த வீடும் உள்ள குடும்பங்கள் தங்கள் பெண்களைக் கால்பந்துக்கு அனுப்புவது அரிது. வெயிலில் கறுத்துவிடுவாள், கால் உடைந்தால் யார் கட்டிக்கொள்வார்கள், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா என்று மூன்று கேள்வியிலேயே முடிந்துவிடும். பெண்ணின் உடலைப் பூட்டி வைப்பதில்தான் சாதி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கிவிட்டார். பூட்டு எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கிருந்துதான் வீராங்கனைகள் வருகிறார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உடலால் உழைப்பதைத் தவிர வேறு வழியில்லாத வீடுகள் அவை.

அதனால்தான் அவர்களுடைய வெற்றி நம் பொதுப்புத்தியில் ஏறுவதில்லை. அதனால்தான் வென்றவர்களைக் கைவிடுவதும் எளிதாக இருக்கிறது. நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினச் சோதனை என்ற பெயரில் பறித்துக்கொண்டார்கள். பிறகு அவரே சூளையில் கூலி வேலை செய்தார். அரசுப் பயிற்சியாளர் வேலை கிடைக்கப் பத்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஜார்க்கண்டின் அஷ்டம் ஒராவோன் 2022இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். அவர் பெயரால் அவருடைய ஊருக்கு அரசு சாலை போட்டது. அந்தச் சாலை வேலையில் தினக்கூலிக்கு மண் சுமந்தவர்களில் அவருடைய பெற்றோரும் இருந்தார்கள்.

'விளையாட்டிலும் சாதியா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்தியப் பெண்கள் தோற்ற அன்று, ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். 'தலித்துகள் அதிகமாக இருப்பதால்தான் அணி தோற்றது' என்றார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் பல்வங்கர் பாலு நாட்டின் சிறந்த பந்துவீச்சாளராக இருந்தும் இந்துக்கள் அணிக்குத் தலைவராக்கப்படவில்லை. விளையாட்டுக்குள் சாதியை நாம் கொண்டுவரவில்லை. அது ஏற்கெனவே வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

இனி கோப்பையின் பெயருக்கு வருகிறேன். 2023இல் கூட்டமைப்பு இந்தப் போட்டிக்கு ராஜமாதா ஜிஜாபாய் டிராபி என்று பெயர் சூட்டியது. சிவாஜியை உழவர்களின் அரசனாக 1869இலேயே பாடியவர் ஜோதிராவ் புலே. ஆகவே சிவாஜியின் தாய்மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை. என் கேள்வி வேறு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்கள் ஆடிய போட்டிக்கு, ஆடிய பெண்களில் ஒருவருடைய பெயரும் கிடைக்கவில்லையா? சாந்தி மல்லிக் கோப்பை என்றோ பெம்பெம் தேவி கோப்பை என்றோ ஏன் இல்லை? ஆண்கள் கோப்பைக்கு சந்தோஷ் சமஸ்தானத்து ராஜாவின் பெயர். பெண்கள் கோப்பைக்கு ஒரு ராஜாவின் தாய் பெயர். மண்ணில் விழுந்து முழங்கால் தேய்ந்தவளுக்கு இடமில்லை. பெண்ணைத் தாயாக மதிப்பது நம் நாட்டுக்குச் சுலபம். ஆட்டக்காரியாக, உழைப்பாளியாக, கூலி கேட்பவளாக மதிப்பதுதான் கஷ்டம்.

பெயரைவிட முக்கியமானது காலண்டர். 2021 நவம்பர், டிசம்பரில் கேரளாவில் நடந்தது 26ஆவது தேசியப் போட்டி. 1991-92 முதல் ஆண்டு தவறாமல் நடந்திருந்தால் அது 31ஆவதாக இருந்திருக்க வேண்டும். கொரோனாவுக்கு ஓர் ஆண்டைக் கழித்தாலும் நான்கு ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு சின்ன எண். கீழிருந்து பாருங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் அவகாசமே ஓரிரு ஆண்டுகள்தான். அந்த ஆண்டு போட்டி நடக்கவில்லை என்றால் அவளுக்குத் தேசியச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை என்றால் தமிழ்நாடு அரசு வேலைகளில் உள்ள 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டின் பக்கம் போக முடியாது. ரயில்வே, காவல்துறைக் கதவைத் தட்டவும் முடியாது. அடுத்த ஆண்டு போட்டி நடக்கும்போது அவளுக்குத் திருமணம் முடிந்திருக்கும். ரயில்வே அணி இந்தப் போட்டியில் ஒரு மாநிலம் போலவே ஆடுகிறது. 2019இலும் 2021இலும் இறுதிவரை வந்தது. பொன்மலைப் பணிமனைச் சங்கு கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ரயில்வே வேலை என்றால் என்னவென்று தெரியும். ஒரு வேலை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை மாற்றும். சவர்ணக் குடும்பத்துப் பெண்ணுக்கு விளையாட்டுச் சான்றிதழ் கூடுதல் தகுதி. நம் பெண்ணுக்குப் பல நேரங்களில் அது ஒன்றுதான் வழி.

நான் வேலை செய்யும் இடம் திருவரங்கம் தீவின் கொள்ளிடக்கரைப் பகுதிகள். வார இறுதிகளில் அங்குள்ள பெண் பிள்ளைகளுடன் படிப்பும் விளையாட்டுமாக ஒரு குழு நடத்துகிறோம். ஒரு முழுக் கால்பந்து மைதானத்துக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். திருவரங்கத்தில் கோயில் வளாகம் மட்டுமே 156 ஏக்கர். ஏழு பிராகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதில். அந்த மதில்களுக்குள் யார் எந்தத் தெருவில் வாழலாம் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. மதில்களுக்கு வெளியே, ஆற்றங்கரையில் வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டாம், அதில் கால்பங்கு கிடைத்தாலே போதும். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணல்தான் மைதானம். தண்ணீர் வந்தால் தெரு. தெருவில் ஆடினால் பந்து யார் வீட்டு வாசலில் விழுகிறது என்பதைப் பொறுத்துத் திட்டு மாறும்.

பக்கத்தில் ஒரு பள்ளியில் நல்ல மைதானம் இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் கேட்டோம். முதலில் காவலாளி இல்லை என்றார்கள். காவலாளிக்கு நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றபோது, 'வெளியாட்கள் வந்தால் பெற்றோர்கள் ஆட்சேபிப்பார்கள்' என்றார்கள். அரை கிலோமீட்டர் தள்ளி வாழும் பிள்ளைகள் எப்படி வெளியாட்கள் ஆனார்கள் என்பதை அவர்கள் விளக்கவில்லை. நாங்களும் கேட்கத் தேவையில்லாமல் புரிந்துகொண்டோம்.

'அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது, நல்ல அரங்கம். அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பள்ளி விட்டு, சத்திரத்தில் பேருந்து மாறிப் போய், பயிற்சி முடித்து, இருட்டிய பிறகு கரையோரப் பாதையில் தனியாகத் திரும்ப வேண்டும். தெருவிளக்கு எரியாத அந்தப் பாதைக்கு எந்த இலவசப் பயணமும் உதவாது. எங்கள் குழுவில் நன்றாக ஆடும் ஒரு பெண்ணின் அம்மா துப்புரவுப் பணிக்குப் போகிறவர். மாவட்டத் தேர்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, "ஆடட்டும் மேடம், நான் வேணாங்கல. ஆனா ராத்திரி இவளக் கூட்டியாற யாரு இருக்கா? நான் விடிகாலை நாலு மணிக்கு எந்திரிக்கணும்" என்றார். அவர் மகளைத் தடுக்கவில்லை. அவருடைய வேலை நேரமும் இருட்டான பாதையும் மூடிய பள்ளிக் கதவும் சேர்ந்து தடுக்கின்றன. 'பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கைகளில் எழுதுபவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

நம் இயக்கத்தாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்க நாம் போராடுகிறோம், போராட வேண்டும். ஆனால் நம் மேடைகளில் வீட்டுமனை, விவசாய நிலம், சுடுகாட்டுப் பாதை என்று வரும் கோரிக்கைப் பட்டியலில் விளையாட்டு மைதானம் வருவதில்லை. ஏப்ரல் 14 வந்தால் காலனிகளில் ஆண்களுக்கு கபடி, வாலிபால் போட்டிகள் நடக்கின்றன. பெண்களுக்கு? கோலப் போட்டி, மியூசிக்கல் சேர். புரட்சியாளர் பிறந்தநாளில்கூட நம் பெண்கள் நாற்காலியைச் சுற்றி ஓடினால் போதும் என்று நாம் நினைத்துவிட்டோம். வெளியிலிருந்து மூடுகிற கதவைப் பற்றிப் பேசும்போது உள்ளிருந்து போடும் தாழ்ப்பாளைப் பற்றியும் பேச வேண்டும்.

சில மாற்றங்கள் வந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை. தேசியப் பெண்கள் லீகில் ஆடும் வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்று 2023இல் கூட்டமைப்பு முடிவெடுத்தது. மாதம் சுமார் 26,700 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் விளையாட்டை வேலையாக ஏற்றுக்கொண்ட முதல் படி. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றில் ஆடியே இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. திறமை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மைதானங்கள் மாலை 5 முதல் 7 வரை அப்பகுதிப் பிள்ளைகள் அனைவருக்கும் திறக்கப்பட வேண்டும். பெண்களுக்குத் தனி நாட்கள், விளக்கு, கழிப்பறை வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியின் மண்ணில் யாரும் வெளியாள் இல்லை.

இரண்டு: ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் மாணவியர் விடுதிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர், குறிப்பாகப் பெண் பயிற்சியாளர்கள் வேண்டும். ஆடும் பிள்ளைக்கு முட்டையும் பாலும் கூடுதலாகத் தர வேண்டும். கடலூரில் விடுதியும் பந்தும் ஒன்றாகக் கிடைத்ததால் என்ன நடந்தது என்பதை நாடே பார்த்தது.

மூன்று: மாவட்டப் பெண்கள் லீக் ஆண்டு தவறாமல், தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு நடக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பயணப்படி கையில் தரப்பட வேண்டும். போட்டி நடக்காத ஆண்டில் வயது வரம்பு கடந்தவர்களுக்கு வேலை ஒதுக்கீட்டில் விலக்கு வேண்டும்.

நான்கு: தேர்வான வீராங்கனைகள், பயிற்சியாளர்கள், தேர்வுக்குழுவினர் ஆகியோரின் சமூகப் பிரிவுக் கணக்கைக் கால்பந்து சங்கங்களும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆடுபவர்கள் யார், தேர்ந்தெடுப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்ப்போம்.

ஐந்து, நமக்கானது: வரும் ஏப்ரல் 14 அன்று ஒவ்வொரு காலனியிலும் பெண்களுக்கு ஒரு கால்பந்துப் போட்டி. முழு மைதானம் கிடைக்காவிட்டால் ஐந்து பேர் அணி போதும். ஒரு பந்து, நான்கு கம்பு, ஒரு விசில். அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதங்களைத் தொகுத்து ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மொத்தமாகக் கொடுப்போம். திருச்சி மாவட்டத்தில் இதைச் செய்ய விரும்பும் தோழர்கள் இப்போதே தங்கள் பகுதியில் உள்ள பள்ளி மைதானங்களைப் பட்டியலெடுக்கத் தொடங்குங்கள். எங்கள் கொள்ளிடக்கரைக் குழு முதல் விண்ணப்பத்தை எழுதிவிட்டது.

ஜெய்பீம்.